காயக் காய எடை கூடிய சாமை

ஈரத் தானியத்தை வெயிலில் காயப் போட்டால் எடை கூடும் என்று பதினோரு பக்கத்தில் ஓர் அத்தியாயம் எழுதியவன் நான். சும்மா எழுதவில்லை. வரைபடம் போட்டேன், அடிக்குறிப்பு கொடுத்தேன், கடைசியில் ‘இந்த நிகழ்வு மேலும் ஆராயத் தக்கது’ என்று பெரிய மனிதத் தோரணையில் முடித்தும் வைத்தேன். கொடியில் போட்ட ஈர வேட்டி காய்ந்தால் லேசாகும் என்பது வேட்டி கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். வேளாண்மையில் ஒரு பட்டம் வாங்கி, அது போதாதென்று வேளாண் பொருளியலில் மேற்பட்டம் படிக்கப் போன எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

இதை எழுதச் சொன்னவர் என்னிடம் வேலை பழகிய ஓர் அம்மணி. இப்போது பெரிய அதிகாரி. போன மாதம் போன் செய்தார்.

“சார், இப்பல்லாம் அறுவடைச் சோதனை கைபேசியிலயே முடிஞ்சிடுது. வயல்ல நின்னு படம் எடுத்தா இடம், நேரம் எல்லாம் தானா பதிவாயிடும். புதுசா வந்திருக்கிறவங்களுக்கு உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன்.”

“என் சாதனைகளை எழுதட்டுமா?”

“வேணாம் சார். அது அரைப் பக்கம்கூட வராது. தப்புங்களை எழுதுங்க.”

சரி, எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வாணியம்பாடி. அத்தாவுக்குத் தோல் மண்டி. எங்கள் குடும்பத்தில் யாரும் மண்ணைத் தொட்டவர்கள் இல்லை, தோலைத் தொட்டவர்கள்தான். நான் பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கிய குற்றத்துக்காக வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான்கு வருடம் படித்தேன். மாட்டைக் கண்டால் பயம், டிராக்டரைக் கண்டால் அதைவிடப் பயம். இரண்டையும் தொடாமல் விவசாயம் செய்ய வழி உண்டா என்று தேடியபோது பொருளியல் கண்ணில் பட்டது. கையில் பேனா, கக்கத்தில் நோட்டு. அடுத்தவன் உழுவதைக் கணக்கெடுத்தால் போதும். இது நமக்கு ஏற்ற விவசாயம் என்று மேற்பட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

அத்தாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“ஏண்டா சலீம், அவன் வெதைக்கிறான், அவன் அறுக்கிறான். நீ எதுக்கு நடுவுல?”

“எவ்வளவு வெளையுதுன்னு பாக்கணும் அத்தா.”

“அவனைக் கேட்டா சொல்லிட்டுப் போறான். அதுக்கு ஒரு பட்டமா?”

கடைசியில் ஒரு கெடு வைத்தார். இரண்டு வருடம். இரண்டாம் வருடம் ஜூன் மாதம் பட்டம் கையில் இருந்தால் என் வழி எனக்கு. இல்லையென்றால் மண்டிக்கு வந்து உட்கார்ந்து கடுக்காய் தரம் பிரிக்க வேண்டும். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மூட்டை மூட்டையாக ஜவ்வாது மலையிலிருந்து வந்து எங்கள் மண்டியில் இறங்கும். அந்த வாசத்துக்கும் தோலின் வாசத்துக்கும் நடுவில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. என் முதுகலை ஆர்வத்தின் ஆணிவேர் மூக்கில்தான் இருந்தது.

என் ஆய்வை வழிநடத்தியவர் பேராசிரியர் ஞானப்பிரகாசம். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். மாணவர்களை ‘நீர்’ என்றுதான் அழைப்பார். சத்தம் போட்டுத் திட்டி யாரும் பார்த்ததில்லை. நாம் ஒரு எண்ணைச் சொன்னால் போதும், பேனாவை மூடி வைத்துவிட்டு, “பாத்தீரா, கேட்டீரா?” என்பார். அவ்வளவுதான். அந்த எண்ணை நாம் கண்ணால் பார்த்து அளந்தோமா, விவசாயி வாயால் சொல்லக் கேட்டு எழுதினோமா என்று அர்த்தம். ‘கேட்டேன் சார்’ என்றால் அந்த வரியின் மேல் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுப்பார். அழிக்கக்கூட மாட்டார். என் முதல் வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது அது தாளா, கோடு போட்ட நோட்டா என்றே தெரியவில்லை.

ஆகவே, விளைச்சல் எண் எதையும் யாரையும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று சபதம் எடுத்தேன். மலையில் சாமை எவ்வளவு விளைகிறது என்பதுதான் ஆய்வு. அதுவரை ஜவ்வாது மலையில் யாரும் முறையாக அளந்ததில்லை என்றார்கள். ஏன் அளக்கவில்லை என்பது ஏறிப் பார்த்ததும் தெரிந்தது. ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்புறம் கால்தான் வண்டி. இன்று காவலூர் என்றால் வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கி எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் போன அறுபதுகளின் தொடக்கத்தில் அது இல்லை. அங்கிருந்தும் அப்பால் போக வேண்டும் நான் ஆய்வுக்கு எடுத்த சிற்றூருக்கு. இருபது வீடு, ஒரு பெரிய பாறை, நிறையப் புளியமரம்.

அங்கே தங்கியது வெள்ளையன் வீட்டில். அத்தாவுக்குக் கடுக்காய் அனுப்புகிறவர். கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கை. எதிலிருந்து தப்பி ஓடினேனோ அதன் மேலேயே தலைவைத்துப் படுத்தேன். வெள்ளையன் அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அவர் மனைவி பூங்காவனம் பேசிவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன்.

அறுவடைச் சோதனை என்றால் என்ன என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நினைத்த இடத்தில் அறுக்கக் கூடாது. அப்படி விட்டால் கண் நல்ல கதிர் இருக்கும் பக்கம்தான் போகும். அதற்கென்று ஒரு எண் அட்டவணை உண்டு. ஒழுங்கே இல்லாத எண்கள் பக்கம் பக்கமாக அச்சடித்திருக்கும். கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்து இரண்டு எண் எடுக்க வேண்டும். கொல்லையின் (மலையில் மானாவாரி நிலத்துக்கு அதுதான் பேர்) ஒரு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி. போய் நின்ற இடத்தில் முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, கயிற்றுக்குள் இருப்பதை மட்டும் அறுக்க வேண்டும்.

வெள்ளையன் கொல்லையில் என் விரல் காட்டிய இடம் கல்லும் முள்ளுமாகக் கிடந்தது.

“தம்பி, அங்க கல்லு. இந்தாண்ட வாங்க, இங்க நல்லா வெளஞ்சிகீது” என்றார் வெள்ளையன்.

“புத்தகம் அந்த இடத்தைத்தான் சொல்லுதுங்க.”

“புத்தகம் எழுதனவரு இந்தக் கொல்லைக்கு வந்திருக்காரா?”

கல்லுக்கு நடுவில் கயிறு கட்டினேன்.

அறுத்ததைத் தனியாகக் களத்தில் அடித்து, முறத்தில் புடைத்து, அங்கேயே நிறுத்து நோட்டில் எழுத வேண்டும். அது ஈர எடை. பிறகு அதிலிருந்து ஒரே ஒரு கிலோ எடுத்துத் துணிப்பையில் கட்டி அந்த விவசாயி வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். அவர்கள் தினமும் வெயிலில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் பையில் அள்ளிக் கட்டுவார்கள். சில நாளுக்கு ஒருமுறை நான் போய் நிறுப்பேன். ஈரம் போகப் போக எடை குறையும். இனிமேல் குறையாது என்ற நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தை வைத்துக் கொல்லை முழுவதன் உலர்ந்த விளைச்சலைக் கண்டுபிடிக்கலாம். இருபது வீட்டிலும் இருபது பை. அதோடு ஆள், மாடு, விதை என்று விசாரிக்க வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள்.

முதல் நிறுவைக்குப் பூங்காவனம் வீட்டுப் பையைத் தராசில் வைத்தேன். தட்டு கொஞ்சம் மேலே ஏறியது. குறைந்திருந்தது, முறைப்படி. பக்கத்து வீட்டுப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“இன்னா தம்பி, கொறஞ்சி பூட்சே!” என்றார் பூங்காவனம். “ஆமா, இத வெச்சி நீ இன்னாதான் பண்ற?”

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். விகிதம், உலர் எடை என்று விளக்கினால் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்து வழக்கம்போல் ஒரு வேடிக்கை பேசினேன்.

“இதான்க்கா என் பரிச்சை. இந்தப் பைக்குள்ளதான் என் மார்க்கு இக்கீது. இது கொறஞ்சிக்கினே போனா எங்க அத்தா என்னைத் தோல் மண்டியில உக்கார வெச்சிருவாரு. ஆயுசு பூரா உங்க கடுக்காயை மோந்து பாத்துக்கினே சாவ வேண்டிதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த நிறுவையில் பூங்காவனம் வீட்டுப் பை ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. தராசைத் தட்டிப் பார்த்தேன். எடைக்கல்லைத் துடைத்து வைத்தேன். அப்படியேதான் நின்றது. கோடி வீட்டு முனியம்மா பையைப் போய் நிறுத்தேன். அது இன்னும் கொஞ்சம் கனம். இருபது வீட்டுக்கும் போனேன். இருபது பையும் கனத்திருந்தது. ஒரு வீட்டில் நடந்தால் தப்பு, இருபது வீட்டில் நடந்தால் விதி என்று என் படித்த மூளை சொல்லிற்று.

அது மார்கழி. காலையில் கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். எனக்குள் ஞானம் பிறந்தது. முதலில் வெயிலில் மேல் ஈரம் போகிறது. பிறகு மலைப்பனியின் ஈரம் உமிக்குள் புகுந்து தங்கிவிடுகிறது! எடை இறங்கி ஏறுவதை வரைபடத்தில் போட்டேன். ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி அழகாக வந்தது. பதினோரு பக்கத்தை மூன்று நாளில் எழுதி முடித்து, ஆலங்காயம் வரை நானே இறங்கிப் போய்த் தபாலில் சேர்த்தேன். திரும்பி ஏறும்போது காலே வலிக்கவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தால் தலைப்புக்குக் கீழே என் முழுப் பெயரையும் போடச் சொல்வதா, சுருக்கிப் போடச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே ஏறிவிட்டேன்.

ஒரு வாரத்தில் ஞானப்பிரகாசம் சாரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ‘அத்தியாயம் படித்தேன். பைகளை அவிழ்க்க வேண்டாம். வியாழக்கிழமை வருகிறேன்.’

என் கண்டுபிடிப்பைக் காண அந்தப் பெரிய மனிதரே மலையேறி வருகிறார்! வியாழக்கிழமைக்காக ஒரு சட்டையைத் துவைத்து, கடுக்காய் மூட்டைக்கு அடியில் வைத்து மடிப்புக் கலையாமல் காத்தேன்.

மதியத்துக்கு வந்து சேர்ந்தார். பூட்ஸ் முழுக்கச் செம்மண். கையில் கறுப்புக் குடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாப்பிடச் சொன்னேன், “பெறவு” என்றார்.

முதலில் தராசைக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே கல்லூரி ஆய்வகத்து எடைக்கற்கள். அவர் கல்லை ஒரு தட்டிலும் என் கல்லை இன்னொன்றிலும் வைத்தார். முள் நேராக நின்றது. தட்டுகளை மாற்றி வைத்தார். அப்போதும் நேராக நின்றது. “ம்” என்றார். அடுத்து என் அளவுக் கயிற்றை நீட்டி அளந்தார். ஈரத்தில் சுருங்கும் கயிறா என்று நனைத்தும் பார்த்தார். “ம்.” வெள்ளையன் கொல்லைக்குப் போய் நான் அடித்த முளைக்குழி நான்கையும் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் கல்லையும் முள்ளையும் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கொஞ்சம் மரியாதைகூட இருந்ததாக நான் இன்றுவரை நம்புகிறேன்.

பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து பூங்காவனம் வீட்டுப் பையை எடுத்து நிறுத்தார். ஒன்றேகால் கிலோ. பையை அவிழ்த்து ஒரு கை அள்ளிக் கைக்குட்டையின் மேல் பரப்பி, குனிந்து, ஒற்றை விரலால் ஒதுக்கினார்.

“சலீம், இது ஒரே கொல்லையில வெளஞ்சதா?”

“ஆமாம் சார். நானே அறுத்தேன்.”

“பாத்தீரா?”

“பார்த்தேன் சார்!” என்று அடித்துச் சொன்னேன். வாழ்க்கையில் முதன்முதலாக அந்தக் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொன்ன பெருமை எனக்கு.

அவர் விரலுக்கு இந்தப் பக்கம் வெளுத்த சாமை. அந்தப் பக்கம் கருத்த சாமை. வெள்ளையன் கொல்லையில் அந்த வருடம் கருத்த சாமை கிடையாது. எனக்கு அது தெரியும். ஒரு மாதமாகத் தினம் பார்த்த பை. பையின் எடையைப் பார்த்தேனே தவிரப் பைக்குள் பார்க்கவில்லை.

பூங்காவனம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றார். சார் அவர் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இந்தப் பையில நீங்க எதும் போட்டியளா?”

“போட்டேங்க” என்றார் பூங்காவனம், இதில் என்ன கேள்வி என்பதுபோல. “பின்ன? எங்க வூட்ல தின்னுட்டு, எங்க களத்துல அள்ளின பை கொறஞ்சி, பையன் பரிச்சையில தோத்துப் போவட்டும்னு வுட்ருவமா?”

“எவ்வளவு போட்டிய?”

“நானு ஒவ்வொரு தபாவும் போன வருசத்துப் பானையிலேர்ந்து ஒரு கைதாங்க. கோடி வூட்டுக்காரி ரெண்டு கை போட்டாளாம். அவளுக்கு எதுலயும் பெரும.”

சார் சொம்பை வாங்கி, தண்ணீர் முழுவதையும் நிதானமாகக் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“சலீம், உம்ம கேள்வித்தாள்ல மொத்தம் எத்தனை கேள்வி?”

“எழுபத்திரண்டு சார்.”

“இந்தக் கேள்வி எத்தனாவது?”

மலைக் காற்றில் தோல் மண்டியின் வாசம் வந்தது. சத்தியமாக வந்தது. மேற்பட்டம் போயிற்று. அடுத்த அறுவடைக்கு ஒரு வருடம் ஆகும். அத்தாவின் ஜூன் மாதத்துக்கோ ஐந்தே மாதம்தான்.

“பையெல்லாம் போச்சு” என்றார் சார். “களத்துல நிறுத்த ஈர எடை போகல. அது நீர் பாத்தது. எவ்வளவு காயும்ங்கிற விகிதம் மட்டும்தான் இல்ல. இன்னும் அறுக்காத பயிர் எங்கயாவது நிக்குதா?”

எனக்குத் தெரியவில்லை. வெள்ளையன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேலக் கொல்லைங்க எட்டு கீதுங்க, எங்குளுதும் சேத்து. பிந்தி வெதச்சது. தை பொறந்துதான் அறுப்போம்.”

“எட்டுப் போதும்” என்றார் சார். “இந்தத் தடவை பையை எப்படிக் காப்பீர்?”

“எல்லாருக்கும் சொல்லிப் புரியவைக்கிறேன் சார்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’மில் நம்பிக்கை துளியும் இல்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குடையை ஊன்றி இறங்கிப் போய்விட்டார். நான் துவைத்துப் போட்டிருந்த சட்டையை அவர் கவனிக்கவே இல்லை.

எனக்கு இன்னும் ஒரு நப்பாசை. யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டு அதைக் கழித்துவிட்டால் பழைய பைகளைக் காப்பாற்றிவிடலாமே! நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முனியம்மா, “மூணு கை” என்றார். அவருக்கு அடுத்த வீட்டில், “அவ மூணா? அப்ப நான் நாலுன்னு எழுதிக்க” என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பூங்காவனம் வாசலிலேயே நிறுத்தினார்.

“தம்பி, எனக்கு அஞ்சி கைன்னு போட்டுக்கோ.”

“சார்கிட்ட ஒரு கைன்னீங்களே அக்கா?”

“அது மத்தியானம்.”

நோட்டை மூடினேன். ஒவ்வொரு வரியின் மேலும் சாரின் பென்சில் கோடு தானாகவே தெரிந்தது.

தை பிறந்தது. மேலக் கொல்லை எட்டையும் அறுத்து எட்டுப் பை கட்டினேன். எட்டு வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு, “ஒரு மணிகூடப் போடாதீங்க, போட்டா எனக்குப் பரிச்சை போயிடும்” என்று கெஞ்சினேன்.

“சரி தம்பி, போடல” என்றார் பூங்காவனம். சொல்லிவிட்டு முனியம்மாவைப் பார்த்தார். முனியம்மா அவரைப் பார்த்தார். ‘பாவம், கூச்சப்படறான்’ என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது.

புரியவைப்பது என்னால் ஆகாது என்று எனக்குப் புரிந்தது. அதனால் ஒரு போக்கிரித்தனம் செய்தேன்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்” என்றேன். “இந்த எட்டுல எந்த வூட்டுப் பை கடைசியில கனமா நிக்குதோ, அந்த வூட்டுச் சாமைதான் மலையிலேயே ஒசத்தின்னு என் புத்தகத்துல அச்சாவும்.”

சுத்தப் பொய். ஆனால் அடுத்த கணமே எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை மாறிவிட்டது.

“அப்ப எம் பை எம் வூட்ல இருக்கட்டும்” என்றார் பூங்காவனம்.

“எதுக்கு? மூட்டையோட கொட்டறதுக்கா?” என்றார் முனியம்மா. “யார் வூட்லயும் வாணாம். எட்டும் நடுப்பாறையில காயட்டும். நாங்களும் ஒக்காந்து பாக்கறோம்.”

அதன் பிறகு நடந்ததை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஊருக்கு நடுவில் இருந்த பாறையில் எட்டுத் துணி விரித்து எட்டுச் சாமையையும் பரப்பினோம். எட்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் காவல். புளி உரிப்பதோ கடுக்காய் உடைப்பதோ, வேலையைக் கையோடு கொண்டுவந்து செய்துகொண்டே மற்ற ஏழு பேர் கையைப் பார்ப்பார்கள். காக்கை வந்தால், தன் துணிமேல் உட்கார்ந்ததை விரட்டுவார்கள். அடுத்தவர் துணிமேல் உட்கார்ந்தால் பார்க்காததுபோல் இருப்பார்கள். ஆகவே காக்கை விரட்டுவது மட்டும் என் வேலை ஆயிற்று. பொழுது சாயும்போது பைகளை அள்ளிக் கட்டினால், ஒவ்வொரு பையின் வாயிலும் எட்டுப் பேரும் தத்தம் கையால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். அவரவர் முடிச்சு அவரவருக்கு அடையாளம் தெரியும். காலையில் அறுபத்துநாலு முடிச்சை அவிழ்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ரிசர்வ் வங்கிக் கஜானாவுக்குக்கூட அப்படிக் காவல் இருந்திருக்காது.

நிறுவை நாளில் ஊரே கூடும். தட்டு மெல்ல மேலே போகும். “ஐயோ!” என்பார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில். அடுத்த பை. “ஐயோ!” எட்டுப் பையும் முறைப்படி, ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே, குறைந்துகொண்டே வந்தன. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. கையைத் தட்டி ஒரு குதி குதித்தேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“துக்கத்துல பையனுக்குப் புத்தி கலங்கிப் போச்சிடி” என்று முனியம்மா காதோடு சொன்னது எனக்கும் கேட்டது.

கடைசி நிறுவை முடிந்து நான் மலை இறங்கிய நாளில் பூங்காவனம் ஒரு சீசா தேன் கொடுத்தார். “தோல் மண்டியில குந்திக்கினு இருக்கும்போது நாக்குல ரெண்டு சொட்டு வுட்டுக்க தம்பி. நாத்தம் தெரியாது” என்றார். கண் கலங்கியிருந்தது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், குறைந்ததுதான் சரி என்று. “ஆமா, ஆமா” என்று தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஆய்வேட்டை எழுதி முடித்து சார் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்தவர், “அந்தப் பதினோரு பக்கம் எங்க?” என்றார்.

“கிழிச்சுப் போட்டுட்டேன் சார்.”

“பொய். வச்சிருப்பீர். கடைசியில பிற்சேர்க்கையா சேரும். என்ன ஆச்சுன்னும் எழுதும்.”

“சார், மானம் போயிடும்.”

“உம்ம மானம் பொருளியல்ல வராது. சேரும்.”

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டின் நடுப்பக்கம் எதையும் தொடவில்லை. நேராகப் பிற்சேர்க்கைக்குப் போனார். முக்கால் மணி நேரமும் அதிலேதான் கேள்வி. எத்தனை கை போட்டார்கள், முடிச்சை எப்படிப் போட்டார்கள், காக்கைக்கு என்ன செய்தீர்கள். நடுவில் இரண்டு தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து காத்திருந்தேன். ஞானப்பிரகாசம் சார் கதவைத் திறந்து, “போய்ச் சாப்பிடும்” என்றார். பாஸ் என்று அர்த்தம். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

பிறகு முப்பத்துச் சொச்சம் வருடம் இந்த வேலையைப் பார்த்தேன். நெல்லும் கடலையும் கரும்பும் அளந்தேன். எந்தக் கேள்வித்தாள் தயாரித்தாலும், இதற்குள் யாராவது எதையாவது போட்டீர்களா என்ற கேள்வியைக் கடைசியில் சேர்த்துவிடுவேன். மேலே இருக்கிறவர்கள் அதை அடித்துவிடுவார்கள். நான் மறுபடி சேர்ப்பேன். அப்படியே ஓய்வு பெற்றேன். குறை ஒன்றும் இல்லை. மண்டியை என் தம்பி பார்த்துக்கொண்டான். அவன் மூக்கு வேறு மாதிரி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த ஜூன் மாதம் பட்டம் கைக்கு வந்ததும் அத்தாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேரைச் சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார். மறுநாள் ஒரு கூடை மிட்டாய் வாங்கிக்கொண்டு மலையேறினேன். பூங்காவனம் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தார்.

“வா தம்பி. இளைச்சிப் போய்ட்ட. மண்டியில சோறு போடறாங்களா?”

“அக்கா, நான் பாஸ்!”

“நெஜமாவா?”

“நெஜமா. இந்தாங்க மிட்டாய்.”

கூடையை வாங்காமல் என்னையே பார்த்தார். “பை அவ்ளோ கொறஞ்சிச்சே. அதுக்கா பாஸு போட்டாங்க?”

“அதுக்குத்தான்க்கா. எட்டும் குறைஞ்சதாலதான் போட்டாங்க.”

பூங்காவனம் முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“மொதல்லயே சொல்லியிருந்தா, ரெண்டு கை எடுத்துட்டிருப்பேனே.”